பற்றாசுப் புகை

வீட்டிலிருந்த தலையணை எல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் வந்தாயிற்று. போதாதென்று அவர் மனைவி போர்வையைச் சுருட்டித் திணித்துக்கொண்டிருந்தாள். படுத்தால் மூச்சு முட்டியது, சாய்ந்தால் இருமல் வந்தது. மனுஷன் உட்கார்ந்தபடியே பொழுதை விடிய வைத்திருந்தார்.

"சளிதான். சாரல்ல நின்னது," என்றார்.

"நீங்க எங்க சாரல்ல நின்னீங்க? கதவு ஜன்னல் எல்லாத்தையும் சாத்திக்கிட்டு உள்ளதானே இருந்தீங்க."

பேசினால் மூச்சு செலவாகும் என்று சிக்கனம் பிடிப்பவர்போல் வாயை மூடிக்கொண்டார்.

தெருவில் அவருக்குக் கல்லுக்காரர் என்று பெயர். பட்டை தீட்டிய கற்களை அவர் தொடுவதில்லை. அடிப்பக்கம் தட்டையாக, மேல்பக்கம் வழுவழுவென்று குமிழ்போல எழும்பிய கற்கள்தான் அவருக்கு. கல்லின் இடுப்பைச் சுற்றி மெல்லிய வெள்ளிப் பட்டையை வளைத்து, இரு முனைகளையும் பற்றாசு என்கிற ஒட்டு உலோகத்தை உருக்கி ஒட்டி, அதை அடித்தகட்டோடு சேர்த்துவிட்டால் கூடு தயார். பிறகு கல்லை உள்ளே இறக்கி, பட்டையின் விளிம்பை அதன்மேல் சாய்க்க வேண்டும். ஒரு பக்கம் அழுத்தினால் அடுத்து எதிர்ப்பக்கம். இல்லாவிட்டால் வெள்ளி சுருங்கி மடிப்பு விழும். "குழந்தைக்குப் போத்தி விடுற மாதிரி இருக்கணும், கழுத்த நெரிக்கிற மாதிரி இருக்கக் கூடாது" என்பார்.

மகளுக்கும் அதே வேலைதான். ஒல்லிக்குச்சியாக இருப்பதால் இருபது வயது தாண்டியும் அவள் எல்லோருக்கும் சுண்டு. அப்பா பற்றவைத்து முடித்த கூடுகளில் கல் பதிக்க வேண்டியதுதான் பாக்கி என்று காலையிலேயே பட்டறை அறைக்குள் போய் உட்கார்ந்திருந்தாள்.

கொல்லையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் வாளியில் கொட்டிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தமும் இருந்தது. அம்மா எழுந்து போய்ப் பார்த்தாள். சுண்டு வாயில் துண்டை அடைத்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தாள்.

"என்னடி?"

"மூஞ்சி கழுவினேன்."

"மூஞ்சி கழுவினா இருமலா வரும்?"

"தண்ணி மூக்குல ஏறிடுச்சும்மா. நீ போய் அப்பாவப் பாரு."

அம்மா குழாயை மூடிவிட்டுத் திரும்பி வந்தாள். வந்து பார்த்தால் அவருடைய உதடு நாவல்பழம் தின்றதுபோல நிறம் மாறியிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்," என்றார்.

ஊசி என்றால் ஊரைவிட்டே ஓடுகிற மனுஷன். அவர் வாயாலேயே அதைச் சொன்னதுதான் அவளை அதிகம் நடுங்க வைத்தது.

கொழுந்தன் ஆட்டோ பிடித்து வந்தார். சுண்டுவும் கூடவே ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கல்லுக்காரர் முகத்தில் ஆக்ஸிஜன் மாட்டினார்கள். டாக்டர் சின்னப் பெண். சுண்டுவைவிட நாலைந்து வயது கூட இருக்கும்.

"என்ன வேலை பண்றாரு?"

"கல்லு கட்டுறவருங்க."

"கட்டட வேலையா? சிமெண்ட் தூசி நிறைய போகுமா?"

"இல்லங்க. மோதிரத்துக்குக் கல்லு."

வேறொரு நாளாக இருந்தால் இதை வைத்தே அவர் ஒரு மாதம் எல்லோரையும் சிரிக்க வைத்திருப்பார். இப்போது கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"நெருப்புல பத்த வைக்கிறது உண்டா? புகை வருமா?"

கொழுந்தன் முன்னால் வந்தார். "எப்பவும் வாங்குற பத்தாசு கிடைக்கலன்னு முந்தாநாள் வேற எங்கயோ வாங்கினாரு. வெண்ணெய் மாதிரி உருகுதுடான்னு எனக்கு போன் பண்ணி சந்தோஷப்பட்டாரு. காத்துல நெருப்பு ஆடுதுன்னு ஜன்னலையும் சாத்திட்டு வேலை செஞ்சிருக்காரு."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள்.

"சில பத்தாசுல காட்மியம்னு ஒண்ணு கலப்பாங்க. சுலபமா உருகும். ஆனா அந்தப் புகை உள்ள போனா உடனே தெரியாது. சாதாரண சளிக் காய்ச்சல் மாதிரிதான் ஆரம்பிக்கும்." கட்டிலைச் சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "அந்த ரூம்ல வேற யாரு இருந்தீங்க?"

"நான் இல்ல," என்றாள் சுண்டு. "நான் அன்னிக்குக் கடைக்குப் போயிருந்தேன்."

அவள் மகளைப் பார்த்தாள். சுண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அம்மா தையல் வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாது என்பதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மகள் சொல்வதை நம்பிவிடலாம்போல இருந்தது.

அப்போது கட்டிலிலிருந்து ஒரு கை எழுந்தது. அவர் டாக்டரின் கோட்டைப் பிடித்து இழுத்தார். சுண்டுவை நோக்கி விரல் நீட்டினார். பிறகு இரண்டு விரல்களை ஒட்டிவைத்துக் காட்டினார். பக்கத்தில் பக்கத்தில்.

"அப்பா, சும்மா இருங்கப்பா," என்றாள் சுண்டு. குரல் உடைந்து இருமலாகியது. "உங்கள விட்டுட்டு நான் எங்கயும் போக மாட்டேன்."

நர்ஸ் வந்து சுண்டுவைக் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். அவள் தலை படிக்கட்டில் மறையும்வரை அவர் விரலை மடக்கவில்லை.

மாடியில் சுண்டுவுக்கு நெஞ்சுப் படம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் கீழே அவருடைய மூச்சு நின்றது. அவர் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள். அழுகை வரவில்லை. திரும்பி மாடிப்படியைத்தான் பார்த்தாள்.

"பொண்ணுக்குக் கொஞ்சம் பாதிப்பு இருக்கு," என்றாள் டாக்டர், வெளியே அழைத்துவந்து. "அவர் அளவுக்கு இல்ல. ஆனா இது எப்படித் திரும்பும்னு இப்பவே சொல்ல முடியாது. நாளைக்குக் காலை வரைக்கும் கண்ணுல வச்சுப் பாக்கணும். அப்பா விஷயம் இப்ப அவங்களுக்குத் தெரிய வேண்டாம். அழுதா தாங்காது."

கொழுந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அண்ணி, வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும். எல்லாரும் வந்துட்டிருக்காங்க."

"நீங்க எடுத்துட்டுப் போங்க."

"நீங்க இல்லாம எப்படி அண்ணி? நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

"பேசட்டும். அவரு கை காட்டிட்டுத்தான் போயிருக்காரு."

அவள் கணவரின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள். ஏதோ நினைவு வந்தவளாக நிமிர்ந்தாள். "அந்தப் பட்டறை ரூமைத் திறக்காதீங்க. யாரையும் உள்ள விடாதீங்க." பிறகு படியேறினாள்.

சுண்டுவின் விரலில் ஒரு கருவி கவ்வியிருந்தது. பக்கத்துப் பெட்டியில் சிவப்பாக எண்கள் ஓடின. எண் ஏறினால் அம்மா மூச்சு விட்டாள், இறங்கினால் அடக்கிக்கொண்டாள். மகள் இருமும்போதெல்லாம் பயந்து எண்ணைப் பார்த்தாள். நடுவில் இருமல் சுத்தமாக நின்றுபோனது. அதற்கும் பயந்து, எழுந்துபோய் மூக்கருகே கை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. அடுத்த நிமிடமே அது போதாமல் மறுபடி வைத்துப் பார்த்தாள். ராத்திரி முழுக்க அந்தக் கை போவதும் வருவதுமாகவே இருந்தது.

காலையில் டாக்டர் நெடுநேரம் சுண்டுவின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். முதுகில் வைத்துக் கேட்டாள். "பாதிப்பு குறையுது," என்றாள். "பயந்த மாதிரி இல்ல."

அம்மாவின் மடியில் போன் அதிர்ந்தது. கொழுந்தன். வீட்டிலிருந்து அவரைச் சுடுகாட்டுக்கு எடுக்கிற நேரம் இதுதான் என்று அவளுக்குத் தெரியும். எடுக்கவில்லை. அதிர்ந்து ஓயும்வரை இரண்டு கையாலும் பொத்திவைத்திருந்தாள்.

"பசிக்குதும்மா," என்றாள் சுண்டு.

நர்ஸ் கொடுத்துவிட்டுப் போன பன் இருந்தது. டீயும் இருந்தது. அம்மா பன்னைப் பிய்த்து டீயில் தோய்த்து நீட்டினாள்.

"அப்பா சாப்பிட்டாரா?"

"சூடா இருக்கு. ஊதிச் சாப்பிடு."

சுண்டு அம்மாவின் முகத்தையே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நீட்டிய துண்டை வாங்கி ஊதினாள். மென்றாள். அடுத்த துண்டுக்குக் கை நீட்டினாள். பன் தீரும்வரை, அவசரமில்லாமல், மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

விரிப்பில் துகள்கள் உதிர்ந்து கிடந்தன. அம்மா குனிந்து, அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் போட்டுக்கொண்டாள்.