நாலில் ஒன்று இருமுகிறது

1

இப்போதெல்லாம் என் லேத் பட்டறைக்கு வருகிற ஜனங்கள் போனை நீட்டி, அதிலிருக்கிற போட்டோவைக் காட்டி, "இதே மாதிரி ஒண்ணு கடைஞ்சு குடுங்க" என்கிறார்கள். போட்டோவுக்கு ஏது விட்டம்? யானையும் அதில் உள்ளங்கை அகலம்தான். சாமானைக் கொண்டு வா என்றால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள்.

கதை கேட்கிறவர்களும் அந்த ரகம்தான். பக்கத்துப் பஞ்சர் கடைக்காரன், "அண்ணே, அண்ணி ஏன் இன்னும் வரலை? ரெண்டு வார்த்தையில சொல்லுங்க" என்றான். ரெண்டு வார்த்தைக்குள் அது அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். படித்தது ஐந்தாவது வரை. பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள், என்னைத் தேடி வந்து சொல்ல வேண்டாம்.

இன்னொன்று. என்னை 'அவர்' என்றுதான் எழுதப்போகிறேன். 'நான்' என்று போட்டுப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே நியாயமெல்லாம் என் பக்கம் சாய்ந்துவிட்டது.

2

கடைசல்காரருக்கு மனைவி மேல் கொள்ளைப் பிரியம், அவளைப் பிரிந்து அவர்

(வேண்டாம். கல்யாண வாழ்த்து மடல் மாதிரி இருக்கிறது. அவள் படித்தால் சிரிப்பாள்.)

2, மறுபடி

கடைசல்காரரிடம் ஒரு பழைய டீசல் வேன் இருந்தது. பின்னால் சின்ன லேத்தும் வெல்டிங் பெட்டியும். மில், கல் குவாரி, பம்ப் ஷெட் என்று எங்கே எது உடைந்தாலும் புருஷனும் பெண்டாட்டியும் அங்கே போய் நிற்பார்கள். சமையல், தூக்கம் எல்லாம் வேனிலேயே. அவள் முன்சீட்டில் உட்கார்ந்து இன்ஜின் மூடிமேல் வெறுங்காலை வைத்துக்கொள்வாள். எந்த சிலிண்டர் சரியில்லை என்பதை அவள் உள்ளங்கால் சொல்லிவிடும்.

பிறகு இன்ஜெக்டர்கள் போயின. டீசலைப் பீய்ச்சுகிற அந்த நாலு ஊசியும் இந்த இன்ஜினுக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. வேன் நின்றது. வாடகைக்கு ஒரு பட்டறை, பின்னால் ஓர் அறை. அந்த அறையில் அவள் ஜன்னலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். தங்கைக்கு ஆபரேஷன் என்று கிளம்பிப் போனவள் அங்கேயே இருந்துவிட்டாள்.

(சண்டை இல்லை. சண்டை என்றால் எழுதுவது சுலபம்.)

போகும்போது சொன்னாள்: "வண்டி ஓடட்டும். ஓடுற சத்தத்தைப் போன்ல கேக்க வைங்க. கெளம்பி வந்துடறேன்."

3

பழைய இரும்புக் கடையில் வேறொரு இன்ஜினின் இன்ஜெக்டர்கள் கிடைத்தன. ஒல்லி. வேனின் பொந்தோ தடியன் சட்டை. நடுவில் நிரப்ப நாலு அடாப்டர் கடைந்தார். வெளியே பொந்துக்குப் பொருந்த வேண்டும், உள்ளே இன்ஜெக்டருக்கு. அதன் மூக்கு நுனி உள்ளே எட்டிப் பார்ப்பது மயிரிழை பிசகக் கூடாது. பிசகினால் டீசல் எரியாமல் புகையும்.

வண்டி ஸ்டார்ட் ஆனது. போனை இன்ஜினிடம் காட்டினார்.

"கேக்குதா?"

"பேசாம இருங்க. உங்க மூச்சுதான் கேக்குது."

அடக்கிக்கொண்டார்.

"ஒண்ணு இருமுதுங்க."

"எது?"

"கடைசி. நம்ம சீட்டுப் பக்கம். பழைய வாஷரைப் போட்டு அளந்தீங்களா?"

இன்ஜெக்டருக்கு அடியில் போடுகிற செம்பு வாஷர் நசுங்க நசுங்க மெலியும். நாலாவதற்கு நசுங்கிய வாஷரை வைத்து அளந்துவிட்டு, மாட்டும்போது புதியதைப் போட்டிருந்தார். புதியது தடிமன். மூக்கு மேலேயே நின்றுவிட்டது.

"அண்ணி அங்கேயே ஒரு பட்டறை போடலாம்" என்றான் பஞ்சர் கடைக்காரன்.

கடைசல்காரருக்குக் கோபம் வரவில்லை. அன்று முழுக்க லேத்தின் முன்னால் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

4

(இந்தப் பகுதியைக் கிழித்துவிட்டேன். அதில் அவர் அழுதார். நம்பும்படி இல்லை.)

5

நாலாவது அடாப்டரைப் புதிதாகக் கடைந்து போட்டார். ஸ்க்ரூடிரைவர் முனையை ஒவ்வொரு இன்ஜெக்டரிலும் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டார். நாலும் ஒரே குரல். அறையைப் பெருக்கினார். அவள் தலையணைக்கு உறை மாற்றினார். அப்புறம்தான் போன்.

அவள் வெகுநேரம் கேட்டாள்.

"இன்னும் ஒண்ணு இருமுது."

"எதும்மா?"

"தெரியலை. ஆனா இருமுது."

இத்தனை வருஷத்தில் இன்ஜின் விஷயத்தில் அவள் தெரியலை என்று சொன்னதே இல்லை. நாலையும் கழற்றிப் போட்டுப் புதிதாக நாலு கடைந்தார். மறுபடி போன். மறுபடி அதே பதில். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

6

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் மூன்று இருக்கின்றன. மூன்றிலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

இருமல் நிஜம். லேத் சத்தத்திலேயே கிடந்த காது, அவருக்குக் கேட்கவில்லை.

இருமல் பொய். அவளுக்கு வர மனசில்லை, அதைச் சொல்லவும் மனசில்லை.

காலால் கேட்டுப் பழகியவள். போனில் எந்த இன்ஜினும் அவளுக்கு இருமத்தான் செய்யும். (இது எனக்குப் பிடித்த முடிவு. பிடித்ததாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

"வண்டிதான் ஓடுதே, நேரா போய் அண்ணி வாசல்ல நில்லுங்களேன்" என்று பஞ்சர் கடைக்காரன் சொன்னான். நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள். போய் நின்றால் அவள் வந்துவிடுவாள். வாசலில் நிற்கிற புருஷனைத் திருப்பி அனுப்புகிறவள் இல்லை. அவருக்குப் பயமே அதுதான். வரவேண்டியிருந்ததால் வந்தாளா, வரத் தோன்றி வந்தாளா என்று அப்புறம் எந்த வெர்னியரை வைத்து அளப்பது?

அதனால் அவர் செய்தது இவ்வளவுதான். வேனை ஓடவிட்டு இறங்கினார். பக்கத்தில் நின்றால் கேட்காதது தள்ளி நின்றால் கேட்கலாம் என்று தெருவில் நடந்தார். மின்கம்பத்தடியில் நின்று காதைக் கொடுத்தார். சீராகத்தான் இருந்தது. தலையை ஆட்டிக்கொண்டார். அவள் இருக்கிற தூரத்துக்கு இது எந்த மூலை?

நீங்கள் வேனோடு நில்லுங்கள். இருமுகிறதா இல்லையா என்று கேட்டு வையுங்கள். நீங்கள் சொன்னாலும் அவர் நம்பப்போவதில்லை. தெரு முனை திரும்பி, சத்தம் மெலிய மெலிய, இன்னும் தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறார்.