தற்காலிகம் என்ற கோப்பு

எங்கள் டயாலிசிஸ் மையத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அன்று காலை, முதல் நோயாளி வந்து படுத்த பிறகு, நோயாளிகளின் விவரம் எதுவுமே திறக்கவில்லை. போன தடவை எவ்வளவு எடை, எவ்வளவு நீர் எடுத்தார்கள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அதில்தான். அது தெரியாமல் இயந்திரத்தோடு இணைக்க மாட்டார்கள்.

படுத்திருந்தவர் ஒரு காலத்தில் பஸ் கண்டக்டர். "ஏறி உக்காந்தாச்சு. வண்டிய எப்பம்மா எடுப்பீங்க?" என்று அவர் கேட்டது என் அறைவரை கேட்டது.

"டிரைவர எழுப்பிட்டு வரேன் மாமா," என்று சொல்லிவிட்டு வந்தார் தலைமை நர்ஸ் அக்கா. சிரிப்பை வாசலிலேயே விட்டுவிட்டார். "தம்பி, அவருக்கு மூச்சு வாங்குது. சீக்கிரம்."

சர்வரில் இம்மியும் இடமில்லை. அதனால்தான் அடம்பிடிக்கிறது என்று புரிந்தது. தரவுத்தளத்தை நிறுத்திவிட்டு, எதை அழிக்கலாம் என்று துழாவினேன். யானை கணக்காக ஒரு கோப்பு கிடந்தது. பெயர் 'தற்காலிகம்'. எங்களிடம் இருப்பது 'நோயாளிகள்' என்ற தரவுத்தளம் ஒன்றுதான். எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன குப்பை என்று முடிவு கட்டினேன்.

"இதைத் தூக்கினா சரியாயிடும்க்கா."

"யாரோடது?"

"யாரோடதும் இல்ல. பேரே தற்காலிகம்னுதான் இருக்கு."

"பேரு கிடக்கட்டும். உள்ள என்ன?"

"நேரமில்லக்கா!"

"நேரமில்லன்னு எங்கிட்டயேவா சொல்ற? லேபிளை மட்டும் பாத்து நாங்க ஒரு பாட்டிலக் கூடக் கொட்ட மாட்டோம். ரெண்டாவது ஆள் பாக்கணும். இப்ப நான்தான் அந்த ஆளு. காட்டு."

எரிச்சலோடுதான் தரவுத்தளத்தை மறுபடி ஓடவிட்டேன். இந்தக் கோப்பு எதனுடையது என்று சர்வரையே கேட்டேன். ஒரே சொல்லில் பதில் வந்தது: நோயாளிகள்.

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். ஆரம்பத்தில் தரவுத்தளத்துக்கே தற்காலிகம் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். பிறகு மாற்றியிருக்கிறார்கள். அப்படி மாற்றினால் மேலே தெரியும் பெயர்தான் மாறும். அடியில் இருக்கும் கோப்பு பழைய பெயரோடே இருக்கும். அழித்திருந்தால் மிஞ்சியிருப்பது போன வாரத்து நகல்தான். அதற்குப் பிறகு மாற்றிய மருந்தும் அளவும் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

"என்னப்பா, பேயடிச்ச மாதிரி இருக்க?"

"நம்ம ஆளுங்க எல்லாரும் இதுக்குள்ளதான்க்கா இருக்காங்க."

அக்கா திட்டவில்லை. "சரி, அப்ப குப்பை எங்க? அதத் தேடு," என்றார்.

வேறொரு மூலையில் பழைய நகல்கள் அடுக்கடுக்காகக் கிடந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். அவர் தலையாட்டிய பிறகே அழித்தேன். கடைசி நகலை மட்டும் வைத்துக்கொண்டேன். இடம் கிடைத்ததும் விவரங்கள் திறந்தன. கண்டக்டரை இயந்திரத்தோடு இணைத்தார்கள். மதியத்துக்குள் அவர் மூச்சு சீராகிவிட்டது.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, முதலில் புதிதாக ஒரு நகல் எடுத்துவிட்டு, அந்தக் கோப்பின் பெயரையும் சரிசெய்ய உட்கார்ந்தேன். அக்கா கைப்பையோடு எட்டிப் பார்த்தார்.

"காலையில நீங்க மட்டும் இல்லன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"போதும், போதும். இப்ப என்ன பண்ணப்போற?"

"பேர் மாத்தப்போறேன். நீங்க கிளம்புங்கக்கா, நேரமாச்சு."

அவர் கைப்பையை மேசையில் வைத்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ம். வாய்விட்டுப் படி."