விலை போடாத வயலின்

மாமியாரின் வயலினுக்குக் கணினி போட்ட விலை பூஜ்யம். மாமியார் போய் ஆறு வருஷம். அவர் கணவர், வாத்தியக் கடை நடத்தும் மாமா, அதை மாதம் தவறாமல் துடைத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார். விற்பனைக்கில்லை என்பதால் சரக்குப் பட்டியலில் அதற்கு மட்டும் விலையே எழுதவில்லை.

பட்டியல் எக்ஸ்எம்எல் கோப்பாக வரும். அதை ஜாவா நிரலுக்குப் புரியும் ஆப்ஜெக்டுகளாக மாற்றி இணையக் கடையில் ஏற்றுவது மாப்பிள்ளையின் வேலை. கோப்பின் அமைப்பைப் படித்து, அதற்கேற்ற கிளாஸ்களை, அதாவது ஆப்ஜெக்டுகளின் அச்சுகளை, வலைச்சேவை லைப்ரரி என்ற ஆயத்த நிரலே எழுதித் தரும். மாப்பிள்ளைக்குக் கை சும்மா இருக்குமா? தானே எழுதினான். விலைக்கு 'இன்ட்' என்ற எண் வகையைப் போட்டான். அதற்கு 'இல்லை' என்று சொல்லத் தெரியாது. ஒன்றும் வராவிட்டால் பூஜ்யம் என்று நிற்கும். லைப்ரரியிடம் விட்டிருந்தால், காலியாகவும் இருக்கத் தெரிந்த 'இன்டிஜர்' வகையைப் போட்டிருக்கும். எழுதாத விலை எழுதாததாகவே இருந்திருக்கும்.

காலை பத்தரைக்கு அந்த வயலினுக்குப் பூஜ்ய விலையில் ஆர்டர் விழுந்தது. பதினொன்றுக்குள் பிழையைத் திருத்திவிட்டான். பதினொன்றேகாலுக்கு, ஆர்டர் போட்ட வயலின் டீச்சர் ரசீதை அச்செடுத்துக்கொண்டு நேரில் வந்துவிட்டார்.

“தப்பா ஏறிடுச்சும்மா,” என்றார் மாமா.

“ஏத்தினது நானா?”

“மாப்பிள்ளை கைவேலை.”

“பொண்ணு கொடுக்கறப்ப விசாரிக்கலையா?”

மாப்பிள்ளை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மாமா ரசீதை இரண்டு முறை படித்தார். “கடை ஏத்துக்கிட்ட ஆர்டர். வேணும்னு நின்னீங்கன்னா எடுத்துக் கொடுத்துடுவேன்.” பெட்டிச் சாவியை மேசைமேல் வைத்தார். வைத்த கை சாவியை விட்டு நகரவில்லை.

டீச்சர் அந்தக் கையைப் பார்த்தார். “யாரோடது?”

“வீட்டுக்காரியோடது.”

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அப்ப பேசுவோம். என்கிட்ட பதினாலு பிள்ளைங்க, அஞ்சே வயலின்.”

ஆர்டரை ரத்து செய்தால் பழகு வயலின் ஒன்று தருவதாக மாமா சொன்னார். டீச்சர் மூன்று என்றார். முக்கால் மணி நேரம் போய் இரண்டில் நின்றது.

“பிள்ளைங்க கணக்கு, மார்க்கு எல்லாம் கண்டபடி கிடக்கு. ஒழுங்கு பண்ண இவரை ஆறு சனிக்கிழமை அனுப்புங்க.”

“நாலு,” என்றான் மாப்பிள்ளை. டீச்சர் வந்ததிலிருந்து அவன் வாயைத் திறந்தது அப்போதுதான்.

“அஞ்சுன்னு வெச்சுக்குங்கம்மா,” என்றார் மாமா.

ரசீதின் பின்பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கொடுத்தது: பழகு வயலின் இரண்டு, வில் இரண்டு. வந்தது: ரத்தான ஆர்டர் ஒன்று. பாக்கி: மாப்பிள்ளை, ஐந்து சனிக்கிழமை.