வெதுவெதுப்பான வில்லன்

1

இந்தக் கதை என் மூஞ்சியிலிருந்து பிறந்தது. "கேன்டீன் மேனேஜரா நீ நடி. அந்தக் கடுகடுப்பு உனக்குப் பொறப்புலயே இருக்கு" என்றாள் அக்கா.

அக்கா உரிமைப் போராட்டத் தலைவி. நான் அவள் பையைத் தூக்கும் எழுத்தாளன். ('எழுத்தாளன்' என்பதை மட்டும் அவள் ஒப்புக்கொள்வதில்லை.)

2

முதல் வாக்கியம்: 'எரிமலையெனக் குமுறிய மாணவர் நடுவே, தலைவி புயலாக...'

வேண்டாம். இருந்தது ஒரு வகுப்பறை, ஐந்தாறு மாணவர்கள், ஒரு செம்புத் தண்ணீர்.

அவர்கள் படிக்கும் கல்லூரி கேன்டீனில் ஆற்றோரக் குடியிருப்புப் பிள்ளைகள் கைகழுவும் இடத்துப் பெஞ்சில்தான் உட்கார வேண்டும். நாளைக் காலை அவர்கள் நடு மேசையில் உட்காரப்போகிறார்கள். உட்கார்ந்தால் கல்லூரியைவிட்டு நீக்கம் என்கிறார் முதல்வர். யார் என்ன செய்தாலும் எழக்கூடாது, திருப்பிப் பேசக்கூடாது. அதற்குத்தான் ஒத்திகை.

3

கதாநாயகி அந்த மாணவர்களில் ஒருத்தி; நண்பர்கள் வைத்த பெயர் வாயாடி. (திருப்பிப் பேசாத போராட்டத்துக்கு! நானாக யோசித்த பெயராக இருந்தால் அடித்துத் திருத்தியிருப்பேன்.)

செம்புத் தண்ணீரை அவள் தலையில் ஊற்றினேன். "எந்திரி! ...ஐயோ, கண்ணுல பட்டுடுச்சாம்மா?"

"அண்ணே, வில்லன் துண்டு நீட்டக்கூடாது" என்றான் இன்னொரு மாணவன், நெட்டையன்.

எல்லோரும் சிரித்தார்கள், அக்காவைத் தவிர.

4

திருத்தம்: அக்கா பயிற்சி தர வந்ததுபோல் எழுதிவிட்டேன். தடுக்க வந்திருந்தாள். தலையில் தண்ணீர் விழுந்தால் பயந்து விலகுவார்கள் என்றுதான் என்னை நடிக்கவிட்டாள்.

"போதும். நாளைக்கு நான் மட்டும் உட்கார்றேன். போலீஸ் வந்தாலும் மாமியார் வீடு எனக்குப் பழகினதுதான். உங்களுக்குப் படிப்பே போயிடும்."

வாயாடி தலையைத் துவட்டவில்லை. "அந்தப் பெஞ்சுல தினம் நீங்களா உட்கார்றீங்க, அக்கா? நாங்க. அப்ப மேசையிலயும் நாங்கதான் உட்காரணும்." செம்பைத் தொட்டுப் பார்த்தாள். "இது பச்சைத் தண்ணி. நாளைக்கு டீயை ஊத்துவாங்க. சூடா கொண்டு வாங்கண்ணே."

அக்கா நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேருக்கும் சேத்து ஊத்துடா."

போய் ஒரு செம்பு டீ வாங்கி வந்தேன்.

(சூடாக ஊற்றினேனா என்று கேட்பீர்கள். வெதுவெதுப்பாக. என் வில்லத்தனத்தின் கொதிநிலை அவ்வளவுதான்.)

5

முடிவு (அ): மேசை கிடைக்கிறது, எல்லோரும் டீயைக் குடிக்கிறார்கள். முடிவு (ஆ): அறிவிப்புப் பலகையில் வாயாடியின் பெயர்...

இதை முடிக்க மனம் வரவில்லை. நாளை இன்னும் விடியவும் இல்லை. மேனேஜர் வேடத்திலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். காலையில் அக்காவுக்கு இந்தப் பக்கம் வாயாடி, அந்தப் பக்கம் நான், துண்டோடு.

அந்த மேசையில் இன்னும் ஒரு நாற்காலி காலி. கதை எப்படி முடிகிறது என்று வந்து பாருங்கள். நின்றபடி பார்த்தால் தெரியாது. உட்காருங்கள்.