இரண்டு காதிலும்

"இதையும் குழியில போட்டு மூடுங்க" என்று ஆதிநாராயணன் அந்தக் கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து பிணத்தின் காலடியில் வைத்தபோது, தமிழரசி அப்பாவின் நெற்றியில் விபூதி பூசிக்கொண்டிருந்தாள். பூசிய கையோடு எழுந்து போய்ப் பெட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். வயரோடு தொங்கிய ஹெட்போனையும் சுருட்டி எடுத்துக்கொண்டாள்.

"வையி பாப்பா அத."

"இது அம்மாவுது பெரியப்பா. செத்தவரு சாமானத்தான் குழியில போடுவாங்க. வெத்தலப் பை, துண்டு, அவரு கொடுவா, எல்லாம் எட்த்து வெச்சாச்சு."

"எந்தம்பி உசுர எட்த்ததே அதான். அதும் கூடவே போவட்டும்."

ஆதிநாராயணன் அவளுடைய அப்பா லட்சுமணனுக்கு மூத்தவர். ஊரில் யார் செத்தாலும் பாடை கட்ட முதலில் மூங்கில் வெட்டுகிறவர் அவர்தான். அவர் சொல்லாமல் பங்காளிகள் யாரும் தோள் கொடுக்க மாட்டார்கள். இன்று தம்பிக்கே பாடை கட்டி முடித்து, உடலைக் கிடத்திய பிறகு இந்த வம்பைக் கிளப்பியிருக்கிறார்.

தலைமாட்டில் அத்தை பெரியம்மாள் ஒப்பாரியை விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். "தண்ணி தண்ணின்னு கூப்ட்டியோ, எங்கண்ணே! கட்னவ காதுல வுழலியா, எங்கண்ணே!" கூடியிருந்த பெண்கள் எல்லாருடைய பார்வையும் அம்மா இருந்த உள் அறைப் பக்கம் போனது. அத்தைக்கு அழத் தெரியும். அழுதுகொண்டே குத்தவும் தெரியும். தமிழரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் பெட்டியை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். வாணியம்பாடியில் ஷூ கம்பெனியில் அவளோடு வேலை பார்க்கும் ஒவைஸ் சொல்லித்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரியும். ப்ளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில் நாதஸ்வரம் போட்டால் பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டே இருந்தாள். பாட்டு உள்ளே வெறும் எண்களாகத்தான் கிடக்குமாம். அதைச் சத்தமாக மாற்ற லேப்டாப்புக்குள் ஒரு சில்லு உண்டாம். நெருக்கடியில் ஆயிரத்தெட்டு சாமானோடு சாமானாக அதுவும் கிடப்பதால்தான் இரைச்சலாம். "அந்த ஒரு வேலைக்கின்னே தனிப் பெட்டி கீது தமிழு, டிஏசின்னு பேரு. வாங்கிக் குடு, அம்மா வுடவே மாட்டாங்க" என்றான் ஒவைஸ்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால்தான் கொண்டுவந்து மாட்டினாள். உள்ளங்கை அகலத்தில் பெட்டி. சத்தம் கூட்டக் குறைக்க ஒரு திருகு, ஒரு சின்ன விளக்கு. அதுவரை அம்மா போன் வயரை ஒரு காதில் செருகிக்கொண்டு மாவு அரைப்பாள், சாமை புடைப்பாள். மற்றக் காது அப்பாவுக்கு. நாலு வருஷத்துக்கு முன் புளியமரத்தில் ஏறிப் புளி உலுக்கும்போது விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வாய் மட்டும் நன்றாக இருந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் "ஏ சாந்தா!" என்பார். திரும்பிப் படுக்க, தண்ணீர் குடிக்க, ஈ ஓட்ட, சில நேரம் சும்மாவே.

"இத ஒரு காதுல வெச்சா வேஸ்ட்டும்மா. ரெண்டு காதும் மூடிக்கினு கேளு" என்றவளும் தமிழரசிதான். ஹெட்போன் வயர் நீளம் பத்தாது. பெட்டி இருக்கும் அலமாரிப் பக்கத்திலேயே உட்கார்ந்தாக வேண்டும். சாந்தம்மாள் உட்கார்ந்தாள். கை இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. கொஞ்ச நேரம் கழித்து, "ஊதுறவரு மூச்சு இழுக்கறது கேக்குதுடி" என்றாள். அப்பாவுக்கும் ஒரு நிமிஷம் மாட்டிவிட்டார்கள். "கல்யாண வூட்ல மேளக்காரன் மடில உக்காந்த மாதிரி கீதே" என்று சிரித்தார். அன்றிலிருந்து மூன்று மணிக்கு மேல் ஒரு மணி நேரம், அவர் தூங்கும்போது, அம்மா உட்கார்ந்தாள்.

நேற்றும் அப்படித்தான். நாலு மணிக்கு அத்தை வந்து பார்த்தபோது அப்பா கட்டிலிலிருந்து பாதி சரிந்து, உயிர் போய்க் கிடந்திருக்கிறார். பக்கத்து அறையில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு காதையும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அத்தை ஊரைக் கூட்டிவிட்டாள். வீட்டு வேலை கிடக்க ஒரு பொம்பளை கையைக் கட்டிக்கொண்டு உட்காருவாளா என்பதுதான் அத்தைக்கு முதல் ஆத்திரம். அண்ணன் செத்தது அதற்கு அடுத்தது. அப்படித்தான் பட்டது தமிழரசிக்கு. ஆனாலும், சாவுச் செய்தி கேட்டு வாணியம்பாடியிலிருந்து வந்தவளுக்கு, காலையில் ஆலங்காயத்திலிருந்து பஸ் வளைவு வளைவாக மலை ஏறும்போது, அப்பா கூப்பிட்டிருப்பாரோ என்ற நினைப்பு விடவே இல்லை.

"சாந்தம்மா வந்து அவன் காலத் தொட்டு மன்னிப்பு கேக்கணும்" என்றார் ஆதிநாராயணன். "அவ கையாலயே அதக் குழிக்குன்னு எட்த்துக் குடுக்கணும். அப்பறம்தான் தூக்குவோம்." சொல்லிவிட்டுப் பலாமரத்தடியில் போய் உட்கார்ந்தார். பங்காளிகளும் துண்டை உதறிக்கொண்டு பின்னாலேயே போனார்கள். மேளம் நின்றது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

தமிழரசி உள்ளே ஓடினாள். சாந்தம்மாள் சுவரில் சாய்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"எம்மா, ஒரு காதுலதான் போட்டிருந்தேன்னு சொல்லிடு. அவரு கூப்புடவே இல்லன்னு சொல்லு. அத்தோட முடிஞ்சிடும்."

"ரெண்டு காதுலயும்தான் போட்டிருந்தேன்."

"அது எனக்குத் தெரியும்மா. அவங்களுக்கு ஏன் தெரியணும்?"

"உங்கத்த பாத்தா இல்ல?"

"அத்த கெடக்குறா! நான் உண்டுன்னா அவ இல்லம்பா. நீ சொல்லு."

சாந்தம்மாள் மகளை நிமிர்ந்து பார்த்தாள். "கூப்ட்டாரோ இன்னாவோ, எனக்குத் தெரியாதுடி. ராத்திரி பூரா அதான் மண்டைய கொடையுது. சாவுற வரைக்கும் கொடையும். அது எனக்கும் அவருக்கும் உள்ளது. பொய் சொல்லி அத மூடச் சொல்றியா?"

தமிழரசிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சாந்தம்மாள் அவள் இடுப்பிலிருந்த பெட்டியை வாங்கினாள். அலமாரியில் அதன் இடத்திலேயே வைத்து, வயரைச் சீராகச் சுற்றினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே நடந்தாள்.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் புருஷனுடைய அண்ணன் எதிரில் நின்று பேசியதில்லை. அவர் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். இப்போது நேராகப் பலாமரத்தடிக்குப் போனாள்.

"மாமா, எந்திரிங்க. நேரமாவுது."

ஆதிநாராயணன் திடுக்கிட்டுப் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். "மொதல்ல நான் சொன்னதச் செய்யி."

"செய்ய மாட்டேன். நாலு வருசம் அவரு கூப்ட்ட ஒவ்வொரு வாட்டியும் போனேன். பீ மூத்திரம் அள்ளினேன். முதுகுல புண்ணு வராம பொரட்டிப் பொரட்டிப் படுக்க வெச்சேன். அப்ப ஒரு நாளு வந்து ஒரு மணி நேரம் பாத்துக்கினீங்களா? நீ போயி உக்காரும்மான்னு சொன்னீங்களா? ஒரு நாளைக்கி ஒரு மணி நேரம்தான் உக்காந்தேன். உக்காந்ததுக்கு மன்னிப்பு கேக்க மாட்டேன்."

"உம்புருசன் செத்துக்கினு கெடந்தான்!"

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா எல்லாத்தையும் பிச்சிப் போட்டுட்டு ஓடியிருப்பேன். அவருக்கு அது தெரியும். உங்களுக்குத் தெரியலன்னா போங்க."

"ரெண்டு காதையும் மூடிக்கினு கேளுன்னு சொன்னது நான்தான்" என்று தமிழரசி பின்னாலிருந்து கத்தினாள். "கேக்கறதா இருந்தா என்ன கேளுங்க பெரியப்பா!"

பங்காளிகள் யாரும் எழுந்திருக்கவில்லை. ஆதிநாராயணன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். வாயைத் திறந்தபடி அத்தை பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாந்தம்மாள் திரும்பிப் பாடைக்கு வந்தாள். முன்பக்க மூங்கில் முனை ஒன்றைப் பிடித்தாள். "இன்னொண்ண பிடிடி."

"எம்மா, பொம்பளைங்க..."

"பிடி."

இருவரும் குனிந்து தூக்கினார்கள். நாலு வருஷப் படுக்கை அப்பாவிடம் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. தமிழரசி நினைத்ததைவிடக் கனம் குறைவு. அதுவே அவளுக்கு அழுகையைக் கொண்டுவந்தது. முன்பக்கம் தோளுக்கு ஏறிவிட்டது. பின்பக்கம் தரையில் கிடந்தது. பாடை ஏணி மாதிரி சாய்ந்தது. கட்டு இறுகாத உடல் மெல்லப் பின்னுக்கு வழுக்கத் தொடங்கியது. மாலை நழுவியது. பெண்கள் கூச்சல் போட்டார்கள்.

"ஐயோ, எறக்கு! எறக்கும்மா!"

சாந்தம்மாள் இறக்கவில்லை. ஓர் அடி முன்னால் வைத்தாள். மூங்கில் தரையில் கரகரவென்று இழுபட்டது.

ஆதிநாராயணன்தான் ஓடிவந்தார். தம்பியின் உடல் மண்ணில் விழப்போவதைப் பார்த்துக்கொண்டு அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கெட்ட வார்த்தையில் வைதுகொண்டே உடலை மேலே தள்ளி, கயிற்றை இழுத்து முடிந்து, பின்முனையைத் தோளில் ஏற்றினார். மறு முனைக்கு ஒரு பங்காளி வந்தார். மேளக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அடிக்கத் தொடங்கினார்கள்.

குழி வெட்டியிருந்த சொந்தக் கொல்லைக்கு ஒரு மேடு ஏற வேண்டும். பாதி மேட்டில் பின்னாலிருந்து ஆதிநாராயணன் மூச்சு இரைத்தார். "நில்லு. தோள் மாத்தணும்."

தமிழரசி பக்கவாட்டில் அம்மாவைப் பார்த்தாள். கழுத்துவரை கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக் கை காலியில்லை.

"நில்லுன்றேனில்ல! காது கேக்குதா, இல்லியா?"

"கேக்குது மாமா" என்றாள் சாந்தம்மாள்.

அவள் திரும்பவில்லை, நிற்கவும் இல்லை. மேடு முடிந்து, அறுத்த சாமைத் தாள் காலில் குத்தும் சமதரை வந்தது. அங்கே தானாக நின்று, மூங்கிலை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.