ரோப் காரில் ஏறாத இரண்டு மெக்கானிக்குகள்

மலையடிவாரத்தில் ரோப் கார் டிக்கெட்டுக்கு நிற்கும்போது ஸ்டெத் தலையைச் சாய்த்து மோட்டார் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டான்.

நாங்கள் இருவரும் ஒரே கம்பெனியில் லிப்ட் மெக்கானிக்குகள். மோட்டார் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லிவிடுவான் என்பதால் அவனுக்கு ஸ்டெதஸ்கோப், சுருக்கமாக ஸ்டெத், என்று பட்டப்பெயர். ஊர் திரும்பியதும் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கம்பெனி தொடங்கப்போகிறான். என்னைக் கூட்டாளியாகச் சேர்ப்பானா என்பது பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை. வெளிநாடு சுற்றிப் பார்க்கலாம் வா என்று கூப்பிட்டதும் பெட்டியைக் கட்டியதே அதற்காகத்தான். இல்லையென்றால் எனக்கு மலை ஒரு கேடா?

"மோட்டார்ல பேரிங் போயிடுச்சு மாப்ள. இதுல ஏறக்கூடாது," என்றான்.

நானும் காதைக் கொடுத்துக் கேட்டேன். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. கிர்ரென்ற சத்தம் பக்கத்து ஜூஸ் கடையிலிருந்து வந்தது.

"சுத்தமா போயிடுச்சு," என்றேன்.

பிறகென்ன, நடராஜா சர்வீஸ்தான். பாறையில் அடித்த சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு போக வேண்டிய பாதை அது. தலைக்கு மேலே, கைக்குழந்தையோடு ஒருத்தி ரோப் காரில் சொகுசாகப் போனாள். எங்களைப் பார்த்துக் கையை வேறு ஆட்டினாள்.

"பாவம், விஷயம் தெரியாம போறாங்க," என்றான் ஸ்டெத். பாவமாம்.

ஓரிடத்தில் எனக்குக் கால் வழுக்கியது. முட்டி கிழிந்து, உயிர் போய் உயிர் வந்தது. அவன்தான் என் பையைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றினான். அவனால் வந்த வினைக்கு அவனுக்கே நன்றி சொன்னேன், எல்லாம் என் தலையெழுத்து.

உச்சியிலும் ஒரு ஜூஸ் கடை இருந்தது. அங்கேயும் அதே கிர்ர். கடைக்காரி ஐஸ் மெஷினை ஓர் உதை விட்டாள். சத்தம் நின்றது. பின்னால் ரோப் கார் மட்டும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்டெத் மெஷினைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "கீழ கேட்டதும் இந்த மாதிரி மெஷின்தானா? உனக்கு அப்பவே தெரியுமா?"

எனக்கும் காது உண்டு என்று காட்ட இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று நினைத்தேன். "தெரியாம என்ன? மோட்டார் பிரமாதமா ஓடுச்சு. உன் பேச்சுக்கு மறுபேச்சு எதுக்குன்னு விட்டுட்டேன்," என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. குனிந்து, கைக்குட்டையை நனைத்து என் முட்டியிலிருந்த ரத்தத்தைத் துடைத்தான்.

"உன்னைக் கூட்டாளியா சேத்துக்கணும்னுதான் கூட்டிட்டு வந்தேன். நான் தப்புப் பண்ணா தப்புன்னு சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும்டா எனக்கு. லிப்டுக்குள்ள மனுஷங்க நிப்பாங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வேணும்னா சம்பளத்துக்கு வா. சொன்னதைச் செய்யறதுக்கு உன்ன மாதிரி ஆள் கிடைக்கமாட்டான்."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. எப்போது வந்து சேர வேண்டும் என்று கேட்டேன்.