அழிக்கப்பட்ட காற்று

புயலை அளக்கும் எங்கள் விமானத்தின் வாலில் இருக்கும் ராடார் தானாகப் பொய் சொல்லவில்லை. அதைப் பொய் சொல்ல வைத்தவன் ரஸ்கோ.

புயலின் கண்ணை இரண்டாவது முறையாகக் கடந்து வெளியே வந்திருந்தோம். வடகிழக்கில் மழை கொட்டுவது திரையில் அப்பட்டமாகத் தெரிந்தது. ஆனால் அதே இடத்தில், காற்றின் படத்தில், கறுப்பாக ஓர் ஓட்டை. எங்கள் ராடாருக்கு ஓர் அளவு உண்டு. காற்று அதை மீறினால், நம்மை நோக்கி வருவதை விலகிப் போவதாகக் காட்டிவிடும். படத்தில் அப்படித் திசை புரண்ட கட்டங்களை ஒவ்வொன்றாக நிமிர்த்துவதுதான் என் பிழைப்பு. தரையில் உட்கார்ந்து எங்களை மேய்க்கும் ரஸ்கோ, புரண்டதெல்லாம் குப்பை என்று கணினி தானாகவே நீக்கும்படி போன வாரம் மாற்றியிருந்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஓட்டைக்கு வெளியே காற்று மணிக்குத் தொண்ணூற்றைந்து மைல்தான். அதை நம்பி, புயலின் பாதையில் இருந்த டாலிவர் தீவைக் காலி செய்ய அதிகாரிகள் உத்தரவு போடாமல் இருந்தார்கள். அங்கே தூண்டில் இரை விற்கிறான் என் தம்பி வெண்டல். "உத்தரவு வந்தா கிளம்பறேன்க்கா. சும்மா சும்மா கடையப் பூட்ட முடியாது" என்றிருந்தான்.

மூலப் பதிவை எடுத்துக் கையாலேயே நிமிர்த்தினேன். நூற்று நாற்பத்தொரு மைல். தரைக்கு அனுப்பினேன்.

ரஸ்கோ சிரித்தது காதில் கேட்டது. "கோரா, கடல் அலையப் பாத்துட்டு காத்துங்கறே."

"அலை இல்ல. உன் புத்திசாலித்தனம் தின்ன காத்து. முதல்ல அந்த வடிகட்டிய நிறுத்து."

"இரு, மேல கேக்கணும்."

கேட்டான். இரண்டரை மணி நேரம் கேட்டான். அதற்குப் பிறகுதான் தீவுக்கு உத்தரவு போனது.

மதியம் தரையிறங்கியதும் வெண்டலை அழைத்தேன்.

"உத்தரவு வந்து அரை மணிதான்க்கா, பாலத்த மூடிட்டாங்க. வண்டியோட திருப்பி அனுப்பிட்டாங்க. போலீஸ்காரர் ஒரு தடிப் பேனா குடுத்துட்டுப் போறாரு. பேரக் கையில எழுதிக்கணுமாம், அப்புறமா உடம்ப அடையாளம் கண்டுபிடிக்க. அழியாத மையாம். கடையில வெச்சு விக்கலாம் போல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விமானக் கொட்டகைக்குள் ரஸ்கோ காப்பியோடு வந்தான். "நீ சொன்னது சரிதான் கோரா. நூத்தி நாப்பத்தொண்ணு. நல்ல வேலை."

மேசையில் கிடந்த தடிப் பேனாவை எடுத்தேன். "கையை நீட்டு."

எதற்கென்று தெரியாமல் நீட்டினான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, அழுத்தி, என் தம்பியின் பெயரை எழுதினேன்.

"இதையும் குப்பைன்னு அழி, பாக்கலாம்" என்றேன்.